எதிர்க்கரைப் பையன்களின் பாட்டு
வடமலேசியத் தமிழர் இசை வரலாறு – 17

சென்ற இதழில் பினாங்கின் லோகநாதன், டேவிட் ஆறுமுகம் சகோதரர்களையும் அவர்களுடைய ‘அலிகேட்ஸ்’ குழுவையும் பார்த்தோம். ஹாங்காங் இரவு விடுதிகளில் பாடித் தேறிய அந்தக் குழு நாடு திரும்பி மலாய் மொழியில் பாடியது. மலேசியாவில் அவர்கள் குரல் நுழையாத வீடு இல்லை. தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த இருவர் நாட்டின் பெரிய பாடகர்களானார்கள், ஆனால் தமிழ்ப் பாட்டால் அல்ல. அந்தக் காலத்தில் அதுதான் நடக்கக்கூடிய காரியம். தமிழ்ப் பாட்டு என்றால் கோடம்பாக்கத்திலிருந்து கப்பலேறி வரவேண்டும் என்று வாங்குகிறவரும் நினைத்தார், விற்கிறவரும் நினைத்தார். இங்கே பிறந்தவன் தமிழில் பாட மேடை ஏறினால் டி.எம்.எஸ். குரலைக் கொண்டுவர வேண்டும், இல்லையென்றால் எஸ்.பி.பி. குரலைக் கொண்டுவர வேண்டும். அவனுடைய சொந்தக் குரலை யாரும் கேட்கவில்லை.

இந்த இதழில் 2006ஆம் ஆண்டுக்கு வருகிறோம். அந்த ஆண்டு ‘வல்லவன்’ வெளிவந்தது. சிம்புவின் படம் அல்ல; அது அதே ஆண்டு தீபாவளிக்கு வந்தது. நான் சொல்வது யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் என்ற மூன்று மலேசிய இளைஞர்கள் ‘யோகி பி & நட்சத்திரா’ என்ற பெயரில் போட்ட இசைத்தொகுப்பு. தமிழ்ச் சொல்லிசையின் முதல் முழுத் தொகுப்பாக இதைத்தான் இன்று பலரும் சொல்கிறார்கள், தமிழ்நாட்டிலும் சேர்த்து. அது பட்டர்வொர்த்தில் உருவானதல்ல. இருந்தும் இந்த அத்தியாயத்தை இந்த ஊரிலிருந்தே எழுதுகிறேன். ஒரு பாட்டின் வரலாற்றில் பாதி அதைக் கேட்டவர்களுடையது. பாகான் டாலாமிலும் மாக் மண்டினிலும் பிறையிலும் அடுக்குமாடிகளின் கீழே நின்றிருந்த பையன்கள் அதைத் தங்கள் பாட்டாக எடுத்துக்கொண்டார்கள். ஏன் எடுத்துக்கொண்டார்கள் என்பதைப் புரிந்துகொள்ள முதலில் ஊரைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பட்டர்வொர்த், பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரை. 1843 முதல் 1855 வரை நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநராக இருந்த வில்லியம் ஜான் பட்டர்வொர்த்தின் பெயரைச் சுமக்கிறது. ஊர்ப் பேச்சில் பாகான். தீவுக்குப் போகிறவர் இங்கே ரயிலைவிட்டு இறங்கிப் பெர்ரி ஏற வேண்டும். சரக்குக் கப்பல் இந்தக் கரையில்தான் இறக்கும். 1985இல் பாலம் திறக்கும்வரை காரோ லோரியோ எதுவானாலும் பெர்ரிதான். விமானப்படைத் தளம் 1988வரை ஆஸ்திரேலியர் கையில் இருந்தது. இப்படி எல்லாரும் கடந்துபோகும் ஊர் இது. வேலை இந்தக் கரையில், பெயர் அந்தக் கரையில். எண்பதுகளில் ஜார்ஜ்டவுனில் 65 மாடிக் கொம்தார் கோபுரம் எழுந்தபோது, அதைத் தள்ளி நின்று முழுசாகப் பார்க்க வாய்த்தவர்கள் நாங்கள்தான்.

செபராங் பிறை, அன்றைய வெல்லெஸ்லி மாகாணம், மலாயாவுக்கு வந்த தமிழ்த் தொழிலாளர் முதன்முதலில் காலூன்றிய இடங்களில் ஒன்று. 1840களில் இங்கே கரும்புத் தோட்டங்கள் பரவின. கலிடோனியா, பைராம், பத்து காவான் என்ற பெயர்கள் இந்தத் தொடரின் முதல் அத்தியாயங்களிலிருந்தே நம்மோடு வருகின்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரும்பு போய்க் கித்தா வந்தது. கித்தா போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய்த் தொழிற்பேட்டையும் வீடமைப்பும் வந்தன. பயிர் மாறியபோதெல்லாம் லயத்துக்காரர்கள் லயத்திலேயே இருந்தார்கள். பயிரே வேண்டாம் என்று ஆனபோதுதான் லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள்.

1969இல் பினாங்கு அதன் சுங்கவரியற்ற துறைமுகத் தகுதியை இழந்தது. அதே ஆண்டு பினாங்கு மேம்பாட்டுக் கழகம் தொடங்கப்பட்டது. 1972இல் தீவில் பாயான் லெப்பாஸ் தடையற்ற வணிக வட்டாரம். இந்தக் கரையில் மாக் மண்டின், பிறை தொழிற்பேட்டைகள். மாநிலம் பிழைத்துக்கொண்டது. பிழைத்ததன் விலையில் ஒரு பங்கைத் தோட்டத் தமிழர் கொடுத்தார்கள். இது இங்கே மட்டும் நடந்ததல்ல. எழுபதுகள் தொடங்கி தொண்ணூறுகள் வரை தீபகற்பம் முழுக்க லட்சக்கணக்கானவர்கள் தோட்டத்திலிருந்து நகரத்தின் ஓரத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

தோட்டத்து வாழ்க்கையைப் பொற்காலமாக்க எனக்கு மனமில்லை. விடியுமுன் பெரட்டு, மண்டோரின் அதட்டல், கிராணியின் கணக்கு, குடித்துச் செத்த அப்பாக்கள் எல்லாம் அங்கே இருந்தன. ஆனாலும் ஒரு பையன் தப்பு செய்தால் அவன் யார் மகன் என்று தெரிந்த நாற்பது பேர் இருந்தார்கள். கோயில் இருந்தது, தமிழ்ப்பள்ளி இருந்தது, ஆயாக்கொட்டகை இருந்தது, பந்து விளையாடத் திடல் இருந்தது. மலிவு விலை அடுக்குமாடியில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. அப்பாவுக்கு ஜாகா வேலை, இரவு முழுக்க. அம்மாவுக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட். தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்குப் போன பையன் புகுமுக வகுப்பில் ஓராண்டு உட்கார்ந்து, வகுப்பின் கடைசி வரிசையில் மலாயும் ஏறாமல் தமிழும் மறந்து நின்றான். மாலையில் அவன் இறங்கி வருவதற்கு இருந்த ஒரே இடம் கீழ்த்தளத்து மோட்டார் சைக்கிள் நிறுத்துமிடம். அங்கே அவனை ‘வாடா தம்பி’ என்று கூப்பிட ஓர் அண்ணன் இருந்தார். அந்த அண்ணனுக்குப் பின்னால் எண்ணைப் பெயராக வைத்த ஒரு கும்பல் இருந்தது.

2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயர்களை வெளியிட்டது. அமைச்சு சொன்ன கணக்கின்படி கும்பல் உறுப்பினர்கள் 40,000 பேருக்கு மேல். அவர்களில் பத்துக்கு ஏழு பேர் இந்தியர். நாட்டின் மக்கள்தொகையில் நாம் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்த ஆண்டு நம் மண்டபங்களில் நடந்த கூட்டங்களில் ‘வளர்ப்பு சரியில்லை’ என்று பேசியவர்கள் அதிகம். எந்தத் தோட்டம் எப்போது விற்கப்பட்டது, அதிலிருந்து எத்தனை குடும்பங்கள் எங்கே போயின என்ற பட்டியலை அந்தக் கணக்கின் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் குறைவு.

இப்போது கொஞ்சம் தொலைவு போய்வருவோம்.

நியூயார்க் நகரில் ஈஸ்ட் ரிவர் என்ற ஆற்றின் ஒரு கரை மன்ஹாட்டன், வானுயர்ந்த கட்டடங்களின் கரை. மறுகரையில், பெரிய பாலம் ஒன்றின் அருகே, குவீன்ஸ்பிரிட்ஜ் குடியிருப்பு. 1939இல் அரசு கட்டிய மலிவு வாடகை வீடுகள்: 96 கட்டடங்கள், 3,000க்கும் மேற்பட்ட குடும்பங்கள். அமெரிக்காவின் மிகப் பெரிய அரசு வீடமைப்பு அது. எண்பதுகளில் கொக்கேய்ன் அந்தக் கட்டடங்களின் மாடிப்படிகளுக்கு வந்தது. துப்பாக்கி அதன் கூடவே வந்தது. அந்தக் குடியிருப்பிலிருந்து ஓராண்டு இடைவெளியில் இரண்டு இசைத்தட்டுகள் வந்தன. 1994 ஏப்ரலில் நாஸ் பாடிய ‘இல்மேட்டிக்’. 1995 ஏப்ரலில் மாப் டீப் இருவரின் ‘தி இன்ஃபேமஸ்’.

இரண்டாவதைப் பற்றித்தான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஹாவக், பிராடிஜி என்ற இருவருக்கும் அப்போது இருபது வயதைத் தொட்ட பருவம். கலை உயர்நிலைப்பள்ளி ஒன்றில் சந்தித்துக்கொண்ட நண்பர்கள். 1993இல் போட்ட முதல் தட்டு விற்கவில்லை, நிறுவனம் கைவிட்டது. வேறு நிறுவனத்தில் கிடைத்த இரண்டாவது வாய்ப்பில், தாங்கள் வாழும் இடத்தை உள்ளபடி சொல்லிவிடுவது என்று இறங்கினார்கள். இசையைப் பெரும்பாலும் ஹாவக்கே கட்டினார்: பழைய ஜாஸ் தட்டிலிருந்து ஒரு பியானோத் துணுக்கை எடுத்து, வேகம் மாற்றி, உருத்தெரியாமல் திரித்து, அதன் கீழே கனத்த டிரம் அடியை வைப்பார். அவர்களுடைய மிகப் புகழ்பெற்ற பாட்டின் அந்தத் துணுக்கு எங்கிருந்து வந்தது என்று ரசிகர்கள் பதினாறு ஆண்டுகள் தேடினார்கள். ஹெர்பி ஹேன்காக்கின் ‘ஜெசிகா’ என்று 2011இல்தான் கண்டுபிடித்தார்கள்.

கேட்டவர்களுக்குத் தெரியும், அந்தத் தட்டில் வீரம் குறைவு, பயம் அதிகம். மிரட்டும் வார்த்தைகள் நிறைய வருகின்றன. ஆனால் மிரட்டுகிறவன் இரவு முழுக்கத் தூங்காதவன் என்பது குரலிலேயே தெரிகிறது. யாரை நம்புவது, எந்தப் படிக்கட்டில் ஏறுவது, நாளைக்கு நான் இருப்பேனா என்ற மூன்று கேள்விகளைச் சுற்றித்தான் எல்லாப் பாட்டும். பிராடிஜிக்குப் பிறவியிலேயே அரிவாள் செல் நோய். உடம்பு வலி அவர் சொல்லுக்குள் ஏறியிருந்தது. 2017இல் 42 வயதில் இறந்துபோனார். தெருவைப் பாடிய இசைத்தட்டுகளில் அதைப் போல் உண்மையானது குறைவு என்பது என் எண்ணம். கொடுமையைச் சொல்லும்போது அதில் தன் பங்கையும் மறைக்காமல் சொல்கிறது அது.

தண்ணீரின் இந்தப் பக்கம் அடுக்குமாடி, அந்தப் பக்கம் கோபுரம். பாகானில் வளர்ந்தவனுக்கு அந்தத் தட்டைப் புரிந்துகொள்ள ஆங்கிலம் அதிகம் தேவைப்படவில்லை. தொண்ணூறுகளில் அமெரிக்க ராப் கேசட்டுகளாக இங்கே வந்தது. பிறகு பாசார் மாலாமில் சில வெள்ளிக்குக் கிடைத்த திருட்டு சிடிகளாக வந்தது. தளர்ந்த கால்சட்டை, தலையைச் சுற்றிய துணி என்று வெளித்தோற்றம் முதலில் ஒட்டியது. அதைப் பார்த்துத்தான் பெரியவர்கள் கோபப்பட்டார்கள். அதன் அடியில் வேறொன்றும் ஒட்டிக்கொண்டிருந்தது: வாத்தியம் வாசிக்கத் தெரியாதவனும், சங்கீதம் கற்கக் காசில்லாதவனும், தன் வாயாலேயே பாட்டுக் கட்டலாம் என்ற செய்தி.

தமிழில் ராப் வர முடியும் என்பதற்குச் சென்னை ஏற்கெனவே ஒரு சான்று கொடுத்திருந்தது. 1994இல் ‘காதலன்’ படத்தில் ஏ.ஆர். ரகுமான் இசையில் சுரேஷ் பீட்டர்ஸ் பாடிய ‘பேட்டை ராப்’ சேரித் தெருவின் அன்றாடத்தை அடுக்கிக்கொண்டே போகும். அது நல்ல பாட்டு, இன்றும் சலிக்கவில்லை. படத்துக்காக எழுதப்பட்டது என்பதால் பாட்டு முடிந்ததும் கதை வேறு பக்கம் போய்விடும். தெருக்காரனே எழுதித் தெருக்காரனே பாடும் தட்டு இன்னும் வரவில்லை.

மலேசியாவில் அதற்கான பாதையைப் போட்டவர்கள் ‘பொயட்டிக் அம்மோ’ குழுவினர். யோகி பி, பாய்ண்ட் பிளாங்க், லேண்ட் ஸ்லைட், சி லோகோ என்று நால்வர். 1998இல் அவர்களுடைய முதல் தொகுப்பு வந்தது. ஆங்கிலம்தான் முதன்மை, ஆனால் மலாயும் தமிழும் கேண்டனீசும் அதில் இருந்தன. இந்த நாட்டின் ஒரு சாப்பாட்டுக் கடை மேசையில் உட்கார்ந்தால் காதில் விழும் அத்தனை மொழியும் ஒரே தட்டில் விழுந்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். 2000இல் வந்த இரண்டாவது தொகுப்புக்கு ‘தி வேர்ல்ட் இஸ் யுவர்ஸ்’ என்று பெயர். நாஸின் ‘இல்மேட்டிக்’கில் அதே தலைப்பில் ஒரு பாட்டு இருப்பதை அறிந்தவர்கள், இந்தப் பையன்களின் கண் எந்தக் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தது என்பதைப் புரிந்துகொள்வார்கள். 2003இல் மூன்றாவது தொகுப்பு. அதற்கிடையில் மலாய் இளைஞர் பக்கம் ‘டூ ஃபாட்’ போன்றவர்கள் எழுந்து, ஹிப் ஹாப் மலேசிய வானொலியின் அன்றாடமாகிவிட்டது.

இந்த இடத்தில் யோகி பி எடுத்த முடிவைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். ஆங்கிலத்தில் பெயர் வாங்கியாயிற்று. நாடு முழுக்கத் தெரிந்த முகமாகியாயிற்று. வியாபாரம் பார்க்கிறவன் அடுத்து மலாய்க்குப் போவான். அலிகேட்ஸ் போன வழி அது, குற்றமில்லாத வழி. அவர் ஏழு விழுக்காட்டு மக்களின் மொழிக்குத் திரும்பினார், நட்சத்திராவின் இரண்டு இளையவர்களைக் கூட்டிக்கொண்டு.

‘வல்லவன்’ தொகுப்பில் ஊரைக் கிளப்பிய பாட்டு ‘மடை திறந்து’. அதன் மூலத்தை நம் வாசகர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை, ஆனாலும் ஒரு விவரம் முக்கியம். 1980 தீபாவளிக்கு வந்த பாரதிராஜாவின் ‘நிழல்கள்’, வேலை கிடைக்காத இளைஞர்களின் கதை. வாலி எழுதி, இளையராஜா இசையமைத்து, எஸ்.பி.பி. பாடிய அந்தப் பாட்டு, கையில் காசில்லாமல் இசையமைப்பாளனாகத் துடிக்கும் ஓர் இளைஞனின் கனவு. படம் தோற்றது, பாட்டு நின்றது. இருபத்தாறு ஆண்டுகள் கழித்து மலேசியத் தமிழ்ப் பையன்கள் கோடம்பாக்கத்தின் ஆயிரக்கணக்கான பாடல்களில் இதைத் தேர்ந்தெடுத்தார்கள். பழைய மெட்டைப் பல்லவிக்கு வைத்துக்கொண்டு, சரணம் இருந்த இடத்தில் தங்கள் சொந்த வார்த்தைகளை நிறுத்தினார்கள். வேலையற்றவனின் கனவுப் பாட்டை வேலையற்ற இன்னொரு தலைமுறைக்கு அப்படியே கைமாற்றிக் கொடுத்தது போலிருந்தது.

அது வெறும் ரீமிக்ஸ் என்று அன்றைக்குச் சொன்னவர்கள் உண்டு. ரீமிக்ஸ் என்றால் பழைய பாட்டின் அடியில் வேகமான தாளத்தைக் கூட்டிக் கல்யாண மண்டபத்துக்குத் தருவது. இது வேறு வேலை. அமெரிக்கப் பையன் அப்பாவின் ஜாஸ் தட்டுகளைத் தோண்டியெடுத்ததுபோல, இவர்கள் அப்பாவின் இளையராஜா கேசட்டைத் தோண்டினார்கள். அந்தக் கேசட் லயத்து வீட்டின் ரேடியோப் பெட்டிக்குள் ஓடியது, தோட்டத்துப் பேருந்தில் ஓடியது, வீடு மாறி வந்தபோது சாமான்களோடு அடுக்குமாடிக்கும் வந்தது. அப்பாவுக்கும் மகனுக்கும் நடுவில் மிச்சமிருந்த பொதுச் சொத்து அதுதான். ‘இது என்னடா கத்தல்’ என்று திட்ட வாயெடுத்த அப்பா பல்லவி வந்ததும் நிறுத்திக் கேட்டார். இந்த வித்தையை நான் ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

தொழில் நுட்பமாகவும் அவர்கள் ஒரு கடினமான கணக்கைத் தீர்க்க வேண்டியிருந்தது. ஆங்கில ராப் வரியின் கடைசிச் சொல்லில் ஓசை ஒத்துப்போவதை நம்பி நிற்கிறது. நம் யாப்பில் அதற்கு இயைபு என்று பெயர். தமிழில் இயைபு மிக மலிவு. வினைமுற்று எல்லாம் ‘ஏன்’, ‘ஆன்’, ‘ஓம்’ என்றே முடிவதால், எழுதத் தெரியாதவன்கூட நாற்பது வரி இழுத்துவிடலாம், கேட்கிறவன் பத்தாவது வரியில் கொட்டாவி விடுவான். நல்ல தமிழ்ச் சொல்லிசைக்காரன் அதனால் வரியின் முனையைவிட்டு உள்ளே வருகிறான். முதலெழுத்து மோனையையும் இரண்டாம் எழுத்து எதுகையையும் வரியின் நடுவில் தூவி, டிரம் அடி விழும் இடத்தில் வல்லினத்தை நிறுத்துகிறான். க, ச, ட, த, ப, ற ஆறும் இரட்டிக்கும்போது தோலில் குச்சி விழுந்த சத்தம் கிடைக்கிறது. இன்னொரு சிக்கல் சொல்லின் நீளம். எழுத்துத் தமிழில் ‘போய்க்கொண்டிருக்கிறேன்’ ஒரே சொல்லாக ஓர் அடி முழுக்கத் தின்றுவிடும். பேச்சில் அது ‘போய்ட்ருக்கேன்’ என்று சுருங்கிவிடுகிறது. பேச்சுத் தமிழை எடுத்தால்தான் தாளத்தில் உட்காரும். பேச்சுத் தமிழ் என்றால் எந்த ஊர்ப் பேச்சு என்ற கேள்வி உடனே வரும். நம் பேச்சில் மலாய் உண்டு, ஹொக்கியன் சொல் உண்டு, ஆங்கிலம் உண்டு. அதை வெட்கப்படாமல் ஒலிவாங்கி முன்னால் வைத்தபோது, சினிமாத் தமிழ் ஒன்றே தமிழ் என்று பழகிய காதுகள் அதிர்ந்தன.

இந்த வித்தை தமிழுக்குப் புதிதல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தஞ்சைப் பக்கத்து லாவணியில் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று இரண்டு பேர் டேப் அடித்துக்கொண்டு, காமன் எரிந்தானா இல்லையா என்று இரவு முழுக்கப் பாட்டாலேயே மோதுவார்கள். எதிராளி விட்ட சொல்லில் தொடங்கி அவன் வாயை அடைக்க வேண்டும். நியூயார்க் தெருமுனையில் ராப்பர்கள் மோதிக்கொள்வதன் இலக்கணமும் இதுதான். நம் முன்னோரில் பலர் அந்த மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள்.

‘வல்லவன்’ பட்டர்வொர்த்துக்கு வந்த விதம் எளிமையானது. டி.எச்.ஆர். ராகாவும் மின்னல் எஃப்.எம்.மும் ஒலிபரப்பின, கைப்பேசியில் அழைப்பு மணியாக ஒலித்தது, மீதியைப் பையன்கள் வாய்வழி செய்தார்கள். தமிழ்ப்பள்ளியில் திருக்குறள் மனப்பாடமாகாமல் அடிவாங்கியவன் இந்தப் பாட்டின் அத்தனை வரியையும் மூச்சு விடாமல் சொன்னான். பேருந்து நிலையத்தில், பள்ளி வேலியோரத்தில், ஒருவன் வாயால் தாளம் போட மற்றவன் சொந்த வரி கட்டுவது வழக்கமாயிற்று. வரிகள் பெரும்பாலும் சுமார்தான். ஆனால் அவை தமிழ் வரிகள். தன் புளோக்கைப் பற்றியும், செத்துப்போன கூட்டாளியைப் பற்றியும், காவல் நிலையத்தில் ஓர் இரவைப் பற்றியும் பதினாறு வயதுக்காரன் எழுதிய வரிகள். அந்தக் குறிப்பேடுகளை யாராவது சேர்த்து வைத்திருந்தால் இந்த வட்டாரத்தின் சமூக வரலாற்றுக்கு அவற்றைவிட நல்ல சான்று கிடைத்திருக்காது.

பெரியவர்கள் ‘குண்டர் பாட்டு’ என்றார்கள். கோயில் மண்டபத்தில் போடக்கூடாது என்றார்கள். அவர்களுடைய அச்சத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. மகனை லாக்கப்பில் பார்த்த அம்மாவுக்குத் தலையில் துணி கட்டியவன் எல்லாரும் ஒரே மாதிரிதான் தெரிவான். ஆனால் பெயர் சூட்டியதில் பெரிய அநியாயம் நடந்தது. ‘வல்லவன்’ கும்பலைப் பாடவில்லை. தன்மானத்தையும் உழைப்பையும் தமிழையும் பாடியது. எழுந்து நில் என்றது. கும்பலுக்குப் போகாமல் இருக்கப் பாட்டைப் பிடித்துக்கொண்ட பையனையும் கும்பலோடு சேர்த்து விரட்டினோம்.

என் குறை வேறு. தைரியம் சொல்வதில் தொகுப்பு கவனமாக இருந்த அளவுக்கு, பயத்தைச் சொல்லவில்லை. குவீன்ஸ்பிரிட்ஜ் பையன்கள் செய்த அந்த ஒப்புதலை, நான் பயந்திருக்கிறேன், நானும் தப்பு செய்திருக்கிறேன் என்ற குரலை, அதில் தேடினால் கிடைக்காது. அதற்குக் காரணமும் புரிகிறது. சிறுபான்மையின் முதல் தட்டு அது. வெளியார் ஏற்கெனவே நம்மைக் குண்டர் என்று சொல்லும்போது, முதல் வாய்ப்பிலேயே அழுக்குத் துணியை மேடையில் விரிக்க யாருக்குத்தான் மனம் வரும்? அடுத்த ஆண்டு 2007 நவம்பர் 25 அன்று ஹிண்ட்ராஃப் பேரணிக்காகக் கோலாலம்பூர் வீதிகளில் பல்லாயிரம் பேர் நின்றபோதும் அதே தொனியைத்தான் கேட்டோம். அந்தத் தலைமுறைக்கு முதலில் நிமிர்ந்து நிற்க வேண்டியிருந்தது.

பயத்தைச் சொல்லும் வேலையைப் பிறகு சினிமா செய்தது. சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ 2015இல் வந்தது. தோட்டத்திலிருந்து வெளியேறிய ஒரு குடும்பத்தின் சிறுவன் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் குண்டர்களின் உலகத்தை மெல்ல மெல்ல நெருங்குவதைச் சொல்லும் படம். அதில் யாரும் வீரனில்லை. 2016 மலேசியத் திரைப்பட விழாவில், மலாய் அல்லாத மொழிப் படங்களைத் தனிப் பிரிவில் ஒதுக்குவதற்குத் திரைத்துறைக்குள்ளேயே எதிர்ப்புக் கிளம்பி, விதி மாற்றப்பட்ட பிறகு, நாட்டின் சிறந்த படமாக அதுவே தேர்வானது. எதிர்த்தவர்களில் மலாய்க் கலைஞர்களும் இருந்தார்கள் என்பதை இந்தத் தொடரில் பதிவு செய்ய விரும்புகிறேன்.

சொல்லிசை எந்தப் பக்கம் பாய்ந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1926இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பலின் காலம் முதல் பாட்டு தமிழ்நாட்டிலிருந்து பினாங்குக்கு வந்துகொண்டே இருந்தது. ‘வல்லவன்’ அந்தத் தடத்தில் எதிர்த்திசையில் போனது. 2007இல் வெற்றிமாறனின் முதல் படமான ‘பொல்லாதவன்’ யோகி பியின் குரலை எடுத்துக்கொண்டது. 2011இல் ‘ஆடுகளம்’, 2017இல் அனிருத் இசையில் ‘விவேகம்’. 2012இல் கோவையிலிருந்து ஆதி ‘ஹிப் ஹாப் தமிழன்’ தொகுப்பைக் கொண்டுவந்தபோது அங்கே அதற்குக் காது தயாராக இருந்தது. 2016இல் பா. ரஞ்சித் மலேசியத் தமிழரைக் களமாக வைத்து ‘கபாலி’ எடுத்தபோது, மலேசிய ராப்பர் ரோஷன் ஜம்ராக்கின் வரிகள் ரஜினி படப் பாட்டில் ஏறின. தோட்டத்துக் கூலியின் பேரன் கோடம்பாக்கத்துக்குப் பாட்டு அனுப்பும் காலத்தை அலிகேட்ஸ் சகோதரர்கள் மேடையேறிய நாளில் யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

அதன் பிறகு மலேசியத் தமிழ்ச் சொல்லிசை பல கிளையாகப் பிரிந்தது. கத்தியையும் காரையும் பெருமையாக்கும் பாடல்களும் வந்தன. அவற்றை நான் ஏற்கவில்லை. பதினான்கு வயதுக்காரன் காதில் அது எப்படி விழும் என்று பாடுகிறவருக்குத் தெரியும். ஆனால் அவற்றைத் தடைசெய் என்று கூக்குரலிடுவதும் வேலைக்காகாது. அடுக்குமாடிக்குக் கீழே ஒரு திடலும், மாலையில் திறந்திருக்கும் ஓர் அறையும், ஓர் ஒலிவாங்கியும் கிடைத்தால் பாட்டின் பொருள் தானே மாறும். கோயில் குழுக்களும் தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர் சங்கங்களும் நினைத்தால் இதைச் செய்ய முடியும். நம்மிடம் மண்டபத்துக்குக் குறைவில்லை.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். ‘தமிழ் நேசன்’ 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோனது. ஒரு சமுதாயத்தின் நினைவு எவ்வளவு வேகமாகக் கைவிட்டுப் போகும் என்பதை அப்போது பார்த்தோம். தொண்ணூறுகளிலும் அதற்குப் பிறகும் செபராங் பிறையில் பையன்கள் வீட்டிலேயே பதிவுசெய்த கேசட்டுகள், சிடிகள், மேடை நிகழ்ச்சித் துண்டறிக்கைகள், பாட்டு எழுதிய பள்ளிக் குறிப்பேடுகள் உங்கள் அலமாரியில் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். எழுதியவரின் பெயரையும் ஊரையும் ஆண்டையும் ஒரு தாளில் எழுதி உள்ளே வையுங்கள். கேசட்டாக இருந்தால் ஈரம் படாமல், நிமிர்த்தி வையுங்கள்.

அடுத்த இதழில் உறுமி மேளம். சொல்லிசை கேட்ட அதே பையன்கள் தைப்பூசத்துக்குத் தோளில் தூக்கிய தோல்வாத்தியம், அதைச் சுற்றி எழுந்த குழுக்கள், ஊர்வலத்தில் அவர்களுக்கு விதிக்கப்பட்ட கட்டுப்பாடுகள்.

(தொடரும்)